டோல் வாங்கிய டீச்சர்

ஓய்வு மணி அடித்து முடிந்ததும் எங்கள் பள்ளியில் இன்னோர் ஓசை கேட்கும். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் மோதிரத்தால் மூன்று தட்டு. நான்காம் ஆண்டு முல்லை வகுப்பின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வலது காலை நீட்டி எதிர்ப்பக்க நிலைக்கட்டையில் முட்டுக் கொடுத்திருப்பார் அந்த டீச்சர். அந்தக் கால்தான் தடுப்புக் கம்பு.

"டோல் கட்டிட்டுப் போ," என்பார். "ஹைவேல உங்கப்பா கட்டறாருல்ல? இங்க நீ கட்டு."

டோல் என்பது ஒரு மடக்கு. வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலைத் திறந்து, பிள்ளைகள் அந்த டம்ளரில் கொஞ்சம் ஊற்றுவார்கள். சிராப், ரோஸ் பால் பண்டோங், பால் தேத்தண்ணி, சாக்லெட் தண்ணி, எது வந்தாலும் அவர் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். கண்ணை மூடி, நாக்கால் அண்ணத்தைத் தொட்டு, ஒரு தீர்ப்புச் சொல்வார்.

"இது உங்கம்மா அவசரத்துல கலக்குனது. அடியில சீனி கரையாம நிக்குது."

"இது கடைத் தண்ணி. ஏன், அம்மாவுக்கு ஷிப்ட் மாறிடுச்சா?"

கேட்கப்பட்ட பிள்ளை, ஆமாம், அம்மா இந்த வாரம் பேக்டரிக்கு விடியற்காலையிலேயே போய்விடுகிறார் என்று சொல்லும். கால் மடங்கும். பிள்ளை ஓடிவிடும். அடுத்த பிள்ளை போத்தலைத் திறந்துகொண்டு நிற்கும்.

நான் பக்கத்து வகுப்பான நான்கு மல்லிகையின் ஆசிரியர். இரண்டு வகுப்புகளுக்கும் இடையில் இருந்தது ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு மட்டுமே. அந்த மூன்று தட்டு ஓசையை இரண்டு ஆண்டு நான்கு மாதம் கேட்டேன். ஒரு நாள்கூட அதை விரும்பிக் கேட்டதில்லை.

எங்கள் பள்ளி பீடோங்கிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. நலக்கல்விக்கும் மாணவர்களின் எடைப் பதிவுக்கும் நான்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நான் அலட்சியமாகச் செய்ததாக யாரும் சொல்ல முடியாது. காலிப் போத்தல்களைச் சேகரித்துக் கழுவி, ஒவ்வொரு பானத்திலும் எத்தனை கரண்டி சீனி இருக்கிறதோ அத்தனை கரண்டியைத் தனித்தனிப் பையில் கட்டி, போத்தலின் கழுத்தில் தொங்கவிட்டு, சுவரில் ஒரு வரிசை அமைத்தேன். எறும்பு வராமலிருக்கப் பைகளின் வாயை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டினேன். மாதம் ஒருமுறை புதிர்ப்போட்டி வைத்தேன். என் பிள்ளைகள் எல்லாருமே நல்ல புள்ளிகள் வாங்கினார்கள். எது கொழுப்பு, எது மாவுச்சத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு சீனி போதும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒருநாள் புதிர்ப்போட்டி முடிந்த கையோடு கேண்டீன் பக்கம் போனேன். அன்று முதலிடம் பெற்ற ஷர்மினி, கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் பையில் உறிஞ்சு குழாயை விட்டு ரோஸ் சிராப் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"இதுல எத்தனை கரண்டின்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியும் சார். ஏழு." குழாயை வாயிலிருந்து எடுக்காமலேயே சொன்னாள். விடை சரி.

ஷர்மினி என் வகுப்பிலேயே எடை கூடிய பிள்ளை. அவளுக்காகவே சுவரில் இன்னும் இரண்டு போத்தல்கள் சேர்த்தேன். ஆனால் அவள் ஓய்வு நேரத்தில் தன் போத்தலை எடுத்துக்கொண்டு போனது முல்லை வாசலுக்கு. அந்த வகுப்புப் பிள்ளையாக இல்லாதிருந்தும் வரிசையில் நின்று டோல் கட்டினாள். பலகைத் தடுப்புக்கு இப்பால் என் மேசையிலிருந்து எல்லாம் கேட்கும்.

"ஏண்டி இவ்வளவு சீனி போட்டிருக்கே?"

"நான்தான் டீச்சர் கலக்குறேன். தம்பிக்கும் சேத்து. இனிப்பா இருந்தாத்தான் அவன் அழாம ஸ்கூலுக்குக் கெளம்புவான்."

"அம்மா?"

"அம்மா தூங்குவாங்க டீச்சர். ராத்திரி வேல."

அவளுடைய உயரம், எடை, பிறந்த தேதி, தடுப்பூசி போட்ட நாள் எல்லாம் என் கோப்பில் இருந்தன. காலையில் தம்பியைக் கிளப்புவது அவள்தான் என்பது இல்லை. அதை ஒரு மடக்குச் சிராப்பில் கண்டுபிடித்தவர் பலகைக்கு அப்பால் இருந்தார். அன்று மாலை என் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டேன், நானே விசாரித்துத் தெரிந்துகொண்டது போல.

அந்த டம்ளர்கூட என்னால் வந்ததுதான். முதலில் அவர் போத்தல் மூடியிலேயே வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். தொற்றுக்காலம் முடிந்து பள்ளி திறந்த புதிது. ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து, சுகாதாரக் கேடு என்று யார் பெயரும் சொல்லாமல் பேசினேன். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து, "சார் சொல்றது நூத்துக்கு நூறு நியாயம்," என்றார். மறுநாள் எவர்சில்வர் டம்ளரோடு வந்தார். ஒவ்வொரு மடக்குக்கும் பிறகு அதைக் கழுவித்தர முல்லைப் பிள்ளைகளிடையே போட்டி. அதற்கொரு பெயர்ப்பட்டியலே போட்டார்கள். நான் எதிர்த்துப் பேசியதால் அவருடைய கடைக்கு ஒரு மணியும் கிடைத்தது, வேலையாட்களும் கிடைத்தார்கள்.

எடை எடுக்கும் நாளிலும் இதே கதைதான். பிழை வரக்கூடாது என்பதற்காக நான் எண்ணை உரக்கப் படிப்பேன். எழுதும் மாணவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் மறுபடியும் படித்து உறுதி செய்வேன். அப்படிச் செய்தால் பதிவில் தவறு வராது. வரவும் இல்லை.

அவர் வகுப்பில் அவரே முதலில் தராசில் ஏறினார். அவர் பருமனானவர். தராசு முனகியது.

"கேட்டீங்களா, கத்துது பாரு. எண்பத்தொம்போது. இதுக்கு மேல யாருக்காச்சும் இருக்கா?"

"இல்ல டீச்சர்," என்று வகுப்பே சிரித்தது.

"அப்ப என்னா பயம்? ஏறுங்க."

வந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதி மடித்துக்கொண்டார். பிள்ளைகள் தள்ளுமுள்ளு செய்து ஏறினார்கள்.

என் வகுப்பில் அன்று ஷர்மினி வரவில்லை. மறுநாள் வந்தவளைத் தனியாகக் கூப்பிட்டேன். புத்தகப் பையைக் கழற்றாமலேயே தராசின் முன் நின்றாள்.

"பையைக் கழட்டும்மா."

கழற்றவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டாள்: "முல்லை டீச்சர்கிட்ட எடை எடுத்துக்கவா சார்?"

அனுமதித்தேன். வேறென்ன செய்வது. கால் மணி நேரத்தில் நான்காக மடித்த தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே எண் இருந்தது. அதன் கீழே அவருடைய கையெழுத்தில், "சார், கத்தாம எழுதிக்குங்க," என்று இருந்தது. அது கிண்டலா வேண்டுகோளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்தத் தாளைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் படிக்கிறவருக்கு, அவர் பிள்ளைகளின் இனிப்புக்குத் துணை போனவர் என்று தோன்றலாம். நானும் அப்படித்தான் பலரிடம் சொன்னேன். குடிக்காதே என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கு, "நான் சொன்னா ஒளிச்சு வச்சுக் குடிக்கும் லா. இப்ப எங்கிட்ட காட்டிட்டுக் குடிக்குதுங்க," என்பார்.

என் இரத்த அழுத்த மாத்திரைக்காக அரசாங்கக் கிளினிக்குக்குப் போன ஒரு காலையில், மருந்து வாங்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். அவர் மடியில் மருந்துப் பை. அதற்குள் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பேனா. மறைக்க நேரமில்லை. பக்கத்து நாற்காலியை எனக்குத் தட்டிக் காட்டினார்.

"இனிப்பு நீர் சார். பதினோரு வருசமா கூடவே வருது."

"தெரிஞ்சுமா டீச்சர் தினமும் இத்தனை சிராப்?"

"ஒரு மடக்குதானே சார். சில நாள் முழுங்குறேன், சில நாள் வாய் கொப்புளிச்சுத் துப்பிடறேன்." பையின் வாயைச் சுருட்டி மூடினார். "தரும்போது அதுங்க மூஞ்சியப் பாத்திருக்கீங்களா? வீட்டுல எவ்வளவோ பேரு அதுங்களுக்குத் தர்றாங்க. அதுங்ககிட்ட யாரு வாங்கறா?"

என் எண் திரையில் வந்தது. எழுந்தபோது என் சட்டைக் கையை லேசாகப் பிடித்தார்.

"பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம் சார். பயந்துடும்."

சரி என்றேன். காரில் வந்து உட்கார்ந்ததும் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறொன்று. அன்றைய குறிப்பில், உள்ளது உள்ளபடி, "இது போதும்," என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த வாரம் அவர் அலோர் ஸ்டாரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார். முல்லையையும் மல்லிகையையும் மண்டபத்தில் ஒன்றாக உட்கார வைத்து நான் நலக்கல்வி எடுத்தேன். பாடம், இனிப்பு நீர். அது பாடத்திட்டத்தில் இரண்டு மாதம் கழித்து வர வேண்டியது. நான் முன்னால் கொண்டுவந்தேன்.

"இது வயசானவங்களுக்கு மட்டும் வர்றதில்ல. யாருக்கும் வரலாம். உங்க டீச்சருக்கே இருக்கு," என்றேன். பேச்சுவாக்கில் வந்த வாக்கியம் போலச் சொன்னேன். வீட்டிலேயே எழுதித் திருத்தி வைத்திருந்த வாக்கியம் அது. நோயாளிக்கு இனிப்பு நஞ்சு, இனி அவரிடம் யாரும் போத்தலை நீட்ட வேண்டாம், அதுதான் அவர்மேல் காட்டும் அன்பு என்றும் சொன்னேன். சொன்னது ஒவ்வொன்றும் மருத்துவப்படி சரி. நான் மனத்தில் பார்த்தது, அவர் திரும்பி வரும் நாளில் ஓய்வு மணிக்குப் பிறகு காலியாகக் கிடக்கப்போகும் முல்லை வாசலை.

ஷர்மினி கையைத் தூக்கினாள்.

"நாங்க டோல் குடுத்ததுனாலயா சார்?"

பதினோரு ஆண்டு நோய். அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஒரே சொல்லில் முடியும் பதில். அறுபது முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அவை என்னை அப்படிப் பார்த்தது அதுவே முதல் தடவை.

"அடுத்த பக்கத்தத் திருப்புங்க," என்றேன்.

அவர் பயிற்சி முடிந்து வந்த நாளில், ஓய்வு மணி அடித்ததும் மூன்று தட்டு கேட்டது. நான் எழுந்து ஜன்னலோரம் நின்றேன். வரிசை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. என் வகுப்பிலிருந்து ஷர்மினி மட்டுமல்ல, பாதிப் பேர் அதில் நின்றார்கள். முதல் பிள்ளை ஊற்றியது. அவர் அண்ணாந்து குடித்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். இரண்டாவது. மூன்றாவது. டம்ளரைச் சாய்த்து உள்ளே பார்த்தார்.

"என்னடா, இன்னிக்கு எல்லாம் பச்சத் தண்ணி?"

ஷர்மினி தன் முறை வந்ததும், "நீங்க எவ்வளவு வேணும்னாலும் குடிங்க டீச்சர். சீனியே போடல," என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. அழுதுவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கைந்து பிள்ளைகள் அழுதார்கள். அவர்களில் ஒருத்தி, மண்டபத்தில் நான் சொன்னதையும் ஷர்மினி கேட்டதையும் சொல்லிவிட்டாள்.

அவர் சட்டென்று என் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஷர்மினியின் தண்ணீரைக் குடித்தார். அடுத்ததையும் குடித்தார். ஒரு பிள்ளையைக்கூட விடாமல் வரிசையில் நின்ற எல்லாருடைய தண்ணீரையும் குடித்தார். மணி அடித்துவிட்டது. பிறகுதான் எழுந்து என் வகுப்புக்குள் வந்தார். மேசைக்கு எதிரில் நின்றார். நான் அதற்காக நான்கு பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன்.

"நீங்க சொன்னது தப்பில்ல சார்," என்றார் தாழ்ந்த குரலில். "என் நோய், ஒரு நாள் தெரியத்தான் போவுது. ஆனா அதுங்களாலதான் வந்துச்சான்னு ஒரு பிள்ள கேட்டிருக்கு. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல."

என்னுடைய நான்கு பதில்களில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

அவர் அங்கேயே என் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "எல்லாம் இங்க பாருங்க. எனக்கு இது வந்தப்ப நீங்க யாரும் பொறக்கவே இல்ல. பொறக்காத பிள்ள எப்படி லா டோல் கட்டும்?"

முதலில் யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்கள். பிறகு வகுப்பே சிரித்தது. என் வகுப்பு. என் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும்போதே.

இதற்குப் பிறகு அவர்கள் பழையபடி சிராப்புக்குப் போயிருக்கலாம். பயம்தான் போய்விட்டதே. போகவில்லை. டம்ளரில் ஊற்ற வேண்டுமென்றால் போத்தலில் பச்சைத் தண்ணீர் இருக்க வேண்டும் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். அவரும் அதற்கேற்பத் தீர்ப்புச் சொன்னார். "இது நேத்துக் கொதிக்க வச்சது." "இது பில்டர் மாத்தாத வீடு." "இது ஐஸ் பெட்டில மீனுக்குப் பக்கத்துல இருந்த தண்ணி, போய் அம்மாகிட்ட சொல்லு." கேண்டீன் நடத்தும் அக்கா என்னிடம் வந்து முறையிட்டார்: "என்னா சார் போர்டுல எழுதிப் போட்டீங்க? சிராப் ஜக்கு அப்படியே கெடக்கு."

ஆண்டின் இரண்டாவது எடைப் பதிவில் பெரிய அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் பலருக்கு எடை ஏறும் வேகம் குறைந்திருந்தது. ஷர்மினி உயரத்தில் வளர்ந்து, எடையில் ஏறக்குறைய அப்படியே இருந்தாள். தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டத்தில் என் சுவர்ப் போத்தல்களைக் காட்டி, என்னை மேடைக்கு அழைத்து, ஒரு ஹாம்பர் பரிசுக்கூடை கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். கூட்டத்தில் முதலில் கைதட்டியவர் அந்த டீச்சர். நன்றி சொல்ல ஒலிவாங்கியைக் கொடுத்தபோது, பெற்றோர் ஒத்துழைப்புக்கு நன்றி சொன்னேன். பலகைத் தடுப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மண்டபத்தைவிட்டு வெளியே வந்ததும்தான் ஹாம்பரை ஒழுங்காகப் பார்த்தேன். கண்ணாடித்தாளுக்குள் பிஸ்கட் டின், டின் பால், நடுவில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு பெரிய போத்தல் ரோஸ் சிராப். படிக்கட்டில் எதிர்ப்பட்ட அந்த டீச்சர் அதைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். மோதிரத்தால் போத்தலை மூன்று முறை தட்டினார்.

"சார், டோல் கட்டிட்டுப் போங்க."

அவர் என்னிடம் டோல் கேட்டது அந்த ஒரே தடவைதான். நானும் சிரித்திருக்கலாம்.

"உங்களுக்கு ஆகாது டீச்சர்," என்றேன்.

"அதான் எல்லாருக்கும் தெரியுமே சார்," என்று சொல்லிவிட்டு வழிவிட்டார்.

ஆண்டு முடிவில் மாற்றல் வாங்கிக்கொண்டு செர்டாங் பக்கம் போய்விட்டார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். கடைசி நாள் பிள்ளைகள் அவர் காரைச் சுற்றி நின்று, கையைக் குறுக்கே நீட்டி, டோல் கட்டாமல் போகக்கூடாது என்றார்கள். அவர் தன் போத்தலைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் மாடியிலிருந்து எண்ணினேன். பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டது. எனக்கு அப்படி நடப்பதில்லை.

புதிய ஆண்டில் என் வகுப்போடு நானும் ஐந்தாம் ஆண்டுக்குப் போனேன். முதல் வாரம் போத்தல்களில் தண்ணீர் இருந்தது. இரண்டாவது வாரம் ஒன்றிரண்டு சிவந்தன. மூன்றாவது வாரம் முடிவதற்குள் பாதிக்கு மேல் சிவந்துவிட்டன. சுவர்ப் போத்தல்களைத் துடைத்து மாட்டினேன். புதிர்ப்போட்டி வைத்தேன். எல்லாருக்கும் முழுப் புள்ளி. கேண்டீன் அக்கா மீண்டும் இரண்டு ஜக்கு கலக்க ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை பீடோங் சந்தையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். அவர் வைத்திருந்த அதே அளவு. திங்கட்கிழமை அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஓய்வு மணி அடித்தது. நான் தோள்பையோடு போய் வகுப்பு வாசலில் நின்றேன். உட்காரவில்லை, காலையும் நீட்டவில்லை. அதெல்லாம் எனக்கு வராது. முதலில் வந்தவள் ஷர்மினி. கையில் போத்தல், அதில் பாதிக்குச் சிராப். டம்ளரை எடுக்கப் பைக்குள் கையை விட்டபடி, என்னால் முடிந்த அளவு சாதாரணமாகக் கேட்டேன்.

"எனக்குக் கொஞ்சம் ஊத்தும்மா."

அவள் முகம் மாறியது. போத்தலின் மூடியை இறுக்கித் திருகினாள். இரண்டு கையாலும் அதை என்னிடம் நீட்டினாள்.

"சாரி சார். எடுத்துக்குங்க. நாளைக்குக் கொண்டுவர மாட்டேன்."

"அதுக்கில்லம்மா," என்று ஆரம்பித்தேன். அதற்குள் பின்னால் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். பேசிக்கொள்ளாமல் வகுப்புக்குள் திரும்பிப் போய், அவரவர் போத்தலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வரிசையாக வைத்தார்கள். அளவுகோல் பிடித்தது போல நேரான வரிசை. அப்படி அடுக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். பிறகு ஒவ்வொருவராக என்னைச் சுற்றிக்கொண்டு, என்மேல் படாமல், வெளியே போனார்கள்.

மேசையில் பதினேழு போத்தல்கள். எல்லாவற்றின் மூடியும் இறுக்கி மூடப்பட்டிருந்தது. பைக்குள் என் கை இன்னும் அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த விலைத்தாளைக்கூட நான் இன்னும் கிழிக்கவில்லை.